புகை சீசன்ல அப்பத்தாவ எங்க வைக்கிறது: வீட்டுலயா, குமுளியிலயா, மதுரையிலயா

மாசி பொறந்தா எங்க வீட்டுல இந்தப் பேச்சு தானா வந்துரும். இலையெல்லாம் உதுந்து மலை செம்பட்டையா தெரிய ஆரம்பிக்கும், புல்லு காஞ்சு கிடக்கும், ஒருநாள் ராத்திரி மாடியில துணி எடுக்கப் போனா மேற்கால மலையில சீரியல் செட்டு போட்ட மாதிரி நெருப்பு வரிசையா ஏறிட்டு இருக்கும், மறுநாள் விடியக்காலம் அப்பத்தாவுக்கு இழுப்பு வந்துரும். தேனி மாவட்டத்துல மலையடிவாரத்துல இருக்க எங்க போடி ஆளுங்களுக்கு நான் இத விளக்க வேண்டியதில்ல, கம்பம், கூடலூர், சின்னமனூர் ஆளுங்களுக்கும் இதே கததான். அப்பத்தாவுக்கு வயசு 76, ஆஸ்துமா முப்பது வருசமா இருக்கு. தீ சீசன் முடிஞ்சு கோடை மழை ரெண்டு நல்லா பெய்யிற வரைக்கும் அவங்கள எங்க, எப்படி வச்சுக்கிறதுன்னு மூணு வருசமா ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்துட்டோம். வீட்டுல இதே மாதிரி பெரியவங்களோ இளைப்பு இருக்க பிள்ளைங்களோ வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு யோசிக்கிறவங்களுக்கு ஆகும்னு எல்லாத்தையும் எழுதுறேன்.

மொதல்ல புகையப் பத்தி ஒரு விஷயம். 2018 மார்ச் 11 ஞாயித்துக்கிழமை குரங்கணியில நடந்தத இங்க யாரும் மறக்க முடியாது, மலையேறப் போனவங்க தீயில மாட்டி 23 பேர் போய்ட்டாங்க. அதுலேர்ந்து காட்டுத்தீன்னு சொன்னாலே நமக்கு நெருப்புதான் மனசுல வருது. ஆனா டவுனுக்குள்ள இருக்கவங்க வீட்டு வாசலுக்கு வர்றது நெருப்பு இல்ல, புகை. அதுலயும் நம்ம கண்ணுக்குத் தெரியறது பாதிகூட இல்ல. கொடியில காயிற வெள்ள வேட்டியில எரிஞ்ச புல்லுத் துணுக்கு கருப்பா சுருண்டு வந்து விழும், விரல வச்சா அப்படியே பொடிஞ்சு ஒரு கோடு இழுக்கும், அதப் பார்த்துட்டு அம்மா பதறும், துணிய உள்ள எடுன்னு கத்தும். அந்தத் துணுக்கு மூக்குலயே தங்கிரும், தும்முனா போயிரும். இழுப்ப வரவைக்கிறது பிஎம் 2.5ன்னு சொல்றாங்களே அந்தத் தூசி, ரெண்டரை மைக்ரானுக்கும் சின்னது, தலைமுடி கனத்துல முப்பதுல ஒரு பங்குகூட வராது, அது நுரையீரலோட அடி வரைக்கும் போய் உக்காந்துரும். நம்ம நாட்டுல 24 மணி நேர சராசரிக்கு ஒரு கனமீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம்னு அளவு வச்சிருக்காங்க, உலக சுகாதார நிறுவனம் 2021ல அத 15ன்னு இறக்கிட்டாங்க. இழுப்பு இருக்கவங்களுக்கு ரெண்டாவது நம்பரத்தான் நான் கணக்குல எடுத்துக்கிறேன்.

இன்னொண்ணு, தீ பெருசா எரியறப்போ புகை ஜாஸ்தின்னு நெனைக்கிறோம்ல, அது அப்படி இல்ல. காஞ்ச புல்லு சடசடன்னு எரிஞ்சு முடிஞ்சுரும். விழுந்து கிடக்கிற கட்டை, வேரு, சருகு மேடு, காஞ்ச சாணி, இதெல்லாம் ஜுவாலை இல்லாம கனிஞ்சுக்கிட்டே கிடக்கும், அதுலேர்ந்துதான் நாள்கணக்கா புகை வரும். அதனால தீ அணைஞ்சுருச்சுன்னு சேதி வந்த அன்னைக்கே ஜன்னல எல்லாம் திறந்து வச்சு நாங்க ஒருதடவ பட்டுட்டோம்.

இப்ப நான் சொல்லப்போறதுதான் இந்த மூணு வருசத்துல நாங்க கத்துக்கிட்டதுல பெருசு, மத்த எல்லாத்துக்கும் இதுதான் அஸ்திவாரம். புகைக்கு ஒரு நேரம் இருக்கு. பொழுது சாஞ்சதும் மலைச்சரிவு சீக்கிரம் குளுந்துரும், குளுந்த காத்து கனம், அது ஓடை வழியா பள்ளத்துக்கு இறங்கும். குரங்கணிப் பக்கமிருந்து கொட்டகுடி ஆறு எந்த வழியா போடிக்கு வருதோ அதே வழியாத்தான் ராத்திரி அந்தக் காத்தும் வருது, வரும்போது புகையையும் கூட்டிட்டு வருது. கீழ குளுந்த காத்து, அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும், அதனால புகை மேல போக வழியில்லாம தெருவுக்குள்ளயே கிடக்கும். ராத்திரி பத்து பதினோரு மணிக்கு மேல ஏற ஆரம்பிச்சு விடியக்காலம் நாலு மணியிலேர்ந்து ஏழு எட்டு வரைக்கும் உச்சம். வெயில் ஏறி தரை சூடானா அந்த மூடி ஒடைஞ்சு புகை மேல கிளம்பும், மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஓரளவு நல்ல காத்து. மார்ச் மாசம் நம்ம பழக்கம் என்ன, பகல்ல வெயிலுக்கு ஜன்னல மூடுறது, ராத்திரி காத்துக்குத் திறந்து வைக்கிறது. புகை நாள்ல அது அப்படியே தலைகீழா செய்யணும். அப்பத்தா எத்தனையோ வருசமா நாலரைக்கு எந்திரிச்சு வாசத் தெளிச்சு கோலம் போடுறவங்க, அதாவது தெருவுலேயே மோசமான காத்து இருக்க நேரத்துல குனிஞ்சு நிமிந்து மூச்சு வாங்கி வேலை செஞ்சுட்டு இருந்திருக்காங்க, நாங்க யாரும் அத யோசிக்கவே இல்ல. இப்ப தீ தெரியிற நாள்ல கோலம் அம்மா போடுது, அதுவும் வெயில் ஏறுனதுக்கப்புறம். அப்பத்தாவ ஒத்துக்க வைக்க ஒரு வாரம் ஆச்சு. காலையில வாக்கிங் போறவங்களும் இந்த ரெண்டு மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திக்கோங்க, ஒரு பைசா செலவு கிடையாது.

சரி, இப்ப ஒவ்வொண்ணா வர்றேன்.

முதல் வருசம் வீட்டுலயே வச்சு சமாளிச்சோம், அந்தக்கால முறையில. ஜன்னல்ல ஈரத்துணி, வாசல்ல ஈரச்சாக்கு, வேப்பிலை, சுடுதண்ணியில ஆவி. ஈரத்துணி பெரிய தூசியத்தான் புடிக்கும், ரெண்டரை மைக்ரான் தூசி துணி இழைக்கு நடுவுல சாதாரணமா நுழைஞ்சு போயிரும். ஆனா கதவுக்கு அடியில இருக்க சந்த அடைக்க ஈரத்துண்டு நல்லாவே வேலை செய்யுது, அது வடிகட்டுறதுக்கு இல்ல, காத்து வராம அடைக்கிறதுக்கு, இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க. அந்த வருசம் நாங்க செஞ்ச பெரிய தப்பு ஏர் கூலர். ரூம மூடுனதும் புழுக்கம் தாங்கலன்னு ஜன்னல ஒட்டி கூலர வச்சு ராத்திரி முழுக்க ஓட விட்டோம், குளுகுளுன்னு இருக்கே, தண்ணி வழியாத்தான வருது, புகையையும் கழுவி அனுப்பும்னு நெனப்பு. கூலர் வேலையே வெளிக்காத்த இழுத்து உள்ள தள்றதுதான், அந்த பேடுல இந்தத் தூசி நிக்காது. விடியக்காலம் ரெண்டரை மணிக்கு அப்பத்தா எந்திரிச்சு உக்காந்துருச்சு, முதுகக் கூனி ரெண்டு கையையும் கட்டில்ல ஊனிக்கிட்டு, பேச்சு வரல, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல மூச்சு. ஆட்டோவுல தூக்கிட்டுப் போய் நெபுலைசர் வச்சு, விடிஞ்சுதான் வீட்டுக்கு வந்தோம். கட்டிலுக்கு நேரா புகைய ஊதி விட்டது நாங்கதான்னு தெரிஞ்சப்போ எங்கப்பா ரெண்டு நாளு சரியா சாப்புடல. கூலரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் புகை நாள்ல ஓடவே கூடாது. ஸ்ப்ளிட் ஏசி இருந்தா ஓட்டலாம், அது ரூமுக்குள்ள இருக்க காத்தத்தான் சுத்தி விடுது, ஆனா அதுல இருக்க வலை இந்தத் தூசியப் புடிக்காது. விண்டோ ஏசின்னா வெளிக்காத்து வர்ற வழிய மூடுற லீவர் இருக்கும், அத மூடணும்.

மூடுன ரூமுக்குள்ள கொசுவத்தி ஏத்துறவங்களுக்கு ஒரு சேதி: ஒரு சுருள் எரிஞ்சு முடியிறப்போ வர்ற பிஎம் 2.5, 75லேர்ந்து 137 சிகரெட் புடிச்சா வர்ற அளவுக்கு சமம்னு 2003ல வந்த ஒரு ஆய்வுல கணக்கு போட்டிருக்காங்க. வெளிப் புகைய அடைச்சுட்டு உள்ள நாமளே கொளுத்துனா என்ன பிரயோஜனம். கொசுவலை கட்டுங்க. சாம்பிராணி, ஊதுபத்தி, விறகடுப்பு எல்லாத்தையும் அந்த நாள்ல தள்ளி வைங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.

மாஸ்க்கப் பத்தி கொரோனா நேரத்துல எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும், ஆனா அப்ப படிச்சது இதுக்கு அப்படியே பொருந்தாது. துண்ட மூக்குல கட்டுறது, மெடிக்கல்ல விக்கிற நீலக் கலர் சர்ஜிக்கல் மாஸ்க், ரெண்டும் இந்தப் புகைக்கு ரொம்ப உதவாது, பக்கவாட்டுல இருக்க சந்து வழியா எல்லாம் உள்ள வந்துரும். என்95 வேணும், அது 0.3 மைக்ரான் தூசியில 95 சதவீதமாவது நிறுத்தும், ஆனா மூக்குக் கம்பிய அழுத்தி விட்டு முகத்தோட ஒட்டியிருந்தாத்தான், தாடி இருந்தா பாதி வேலைகூட செய்யாது. வால்வு வச்ச மாஸ்க் வேணாம்னு அப்ப சொன்னாங்க, ஏன்னா நம்ம மூச்சு அடுத்தவங்களுக்குப் போகும். புகைக்கு அந்தப் பிரச்சன இல்ல, வால்வு இருக்கிறதே நல்லது, வெளிய விடுற மூச்சு சுலபமா போகும், வேர்வை கம்மி. ஆனா இழுப்பு இருக்க ஒரு 76 வயசு ஆளுக்கு என்95 வழியா மூச்சு இழுக்கிறதே ஒரு பாடு. அப்பத்தா அரை மணி நேரம் போடும், ஆஸ்பத்திரி போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கும், போட்டுட்டு தூங்க முடியாது. புகை உச்சத்துல இருக்கிறதோ தூங்குற நேரத்துல. அதனால மாஸ்க் எங்களுக்கு ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்கான துணைன்னுதான் வச்சுக்கிட்டோம், அத நம்பி வீட்டுல இருக்க முடியாது.

அடுத்தது ஏர் ப்யூரிஃபையர். இதுல நாங்க ரெண்டு தடவ ஏமாந்தோம், அதனால கொஞ்சம் விலாவரியா சொல்றேன். மொத தடவ டவுன்ல ஒரு கடையில ஃபில்டரே இல்லாத ஒண்ண தலையில கட்டிட்டாங்க, அயனி விட்டு காத்த சுத்தம் பண்ணும், ஃபில்டர் மாத்துற செலவே கிடையாதுன்னு சொல்லி. அந்த மாதிரி மெஷின் சிலது ஓசோன் விடும், ஓசோன் நுரையீரலுக்கு எரிச்சல், ஆஸ்துமா இருக்கவங்களுக்கு ஆகவே ஆகாது. ரெண்டாவதா ரொம்பப் பொடித் தூசியையும் புடிக்கிற ஹெப்பா ஃபில்டர் இருக்க நல்ல மெஷினாவே பத்தாயிரம் ரூபா சுத்துல வாங்குனோம், ஆனா வச்ச இடம் தப்பு. எங்களுது முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்னால கான்கிரீட்டுல ரெண்டு ரூம் எடுத்தது. அப்பத்தா படுக்கிறது முன்பக்கம். ஓட்டுக்கும் செவத்துக்கும் நடுவுல கை நுழையிற சந்து, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியும், அதுல ப்யூரிஃபையர் ரெண்டு ராத்திரி முழு வேகத்துல கத்துச்சு, மூக்குல புகை வாசம் ஒரு துளிகூட கொறையல. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துன மாதிரி. மூணாவது நாள் பின்னால இருக்க சின்ன கான்கிரீட் ரூம்ல, ஜன்னல் சந்துல டேப் ஒட்டி, கதவுக்கு அடியில துண்டு வச்சு, அதே மெஷின ஓட விட்டோம். அரை மணி நேரத்துல வாசம் போயிருச்சு, அன்னைக்கு ராத்திரி அப்பத்தா எந்திரிக்காம தூங்குச்சு. மெஷின்ல ஒண்ணும் மாறல, கூரைதான் மாறுச்சு. அதனால ஓட்டு வீடு, தகரக் கொட்டகை, கீத்துக் கொட்டகையில இருக்கவங்க தயவுசெஞ்சு கடன் வாங்கி ப்யூரிஃபையர் வாங்காதீங்க, அந்தக் காசு வீண்.

கான்கிரீட் ரூம் இருந்தா எவ்வளவு பெரிய மெஷின்னு ஒரு கணக்கு. அட்டையில சிஏடிஆர்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், ஒரு மணி நேரத்துல எத்தனை கனமீட்டர் சுத்தமான காத்து குடுக்கும்னு. பத்துக்குப் பத்து ரூம், உயரம் பத்தடின்னா ஆயிரம் கனஅடி, அதாவது சுமாரா 28 கனமீட்டர். புகைக்கு மணிக்கு அஞ்சு தடவையாவது ரூம் காத்து ஃபில்டர் வழியா போயிட்டு வரணும்னு வச்சுக்கிட்டா 140 வேணும். ஆனா அந்த நம்பர் முழு வேகத்துல எடுத்தது, முழு வேகத்துல சத்தத்துக்கு யாரும் தூங்க முடியாது, அதனால 250 300 இருக்கிறத வாங்கி நடு வேகத்துல ஓட்டுறதுதான் சரி. ஹெப்பா தூசியத்தான் புடிக்கும், வாயுவையும் வாடையையும் புடிக்காது, அதுக்குக் கூடவே ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வாடைய உறிஞ்சுற கரி, இருக்கணும். காட்டுப் புகையோட தெருவுல யாராவது பிளாஸ்டிக் குப்பையையும் கொளுத்துனா கார்பனோட அருமை தெரியும், 2023 மார்ச்ல கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பத்திக்கிட்டு பன்னெண்டு நாள் போல புகைஞ்சதே, அந்த மாதிரிப் புகை. பதினஞ்சு நாள் கழிச்சு எங்க ஃபில்டர வெளிய எடுத்துப் பார்த்தேன். வாங்குறப்போ பால் வெள்ளை. இப்ப மடிப்போட மேல்முனை எல்லாம் டீ வடிகட்டுற துணி நிறத்துல இருந்துச்சு, விரிச்சுப் பார்த்தா உள்மடிப்பு வரைக்கும் பழுப்பு, மோந்தா அணைஞ்ச விறகு வாசம். அது அப்பத்தா நெஞ்சுக்குள்ள போயிருக்க வேண்டியதுன்னு நெனச்சப்போ எனக்கு அந்தப் பத்தாயிரம் பெருசா தெரியல.

அவ்வளவு காசு இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. 2020ல அமெரிக்காவுல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால்னு ரெண்டு பேரு பெட்டி ஃபேனச் சுத்தி நாலஞ்சு ஃபில்டர டேப் போட்டு ஒட்டி ஒண்ணு செஞ்சாங்க, காட்டுத்தீ புகைக்கும் கொரோனாவுக்கும் அங்க நிறைய பேர் வீட்டுலயே செஞ்சுக்கிட்டாங்க. அந்த பெட்டி ஃபேன் நம்ம ஊர்க் கடையில கிடைக்கிறதில்ல. நாங்க செஞ்சது, டேபிள் ஃபேன் பின்பக்க வலையில மாத்து ஹெப்பா ஃபில்டர் ஒண்ண அட்டை வச்சு சந்து இல்லாம கட்டுனது. சின்ன ரூமுக்கு வேலை செய்யுது, ஆனா ப்யூரிஃபையர் அளவுக்கு இல்ல, ஏன்னா டேபிள் ஃபேன் மோட்டாருக்கு ஃபில்டர் வழியா இழுக்கிற தெம்பு கம்மி. மோட்டார் சூடாகுதான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கணும், பழைய ஃபேன்ல கட்டி ராத்திரி முழுக்க விட்டுட்டுத் தூங்காதீங்க. இப்ப அது அடுப்படியில பகல்ல மட்டும் ஓடுது.

ரெண்டாவது வருசம் குமுளி. அத்தை அங்கதான் கட்டிக்குடுத்து இருக்காங்க, அப்பத்தாவோட ஒரே பொண்ணு, ‘இங்க நல்ல தணுப்பு, அம்மாவ கொண்டு வந்து விட்டுரு’ன்னு போன்ல ஒரே புடி. எங்க எல்லாருக்குமே மலைமேல காத்து சுத்தம்னு ஒரு நம்பிக்கை. கம்பம் வழியா லோயர் கேம்ப் தாண்டி மலையேறுனா குமுளி, நம்ம ஊர விட நல்ல உயரம், புகை கீழதான கிடக்கும்னு கூட்டிட்டுப் போனோம். மொத நாலு நாள் சொர்க்கம். அஞ்சாவது நாள் சரிவுல எங்கேயோ தீ, அப்பத்தான் புரிஞ்சுச்சு, ராத்திரி கீழ இறங்குற அதே காத்து பகல்ல வெயில் அடிச்சதும் மலைச்சரிவ ஒட்டி மேல ஏறும், புகையையும் ஏத்திட்டு வரும். நமக்கு விடியக்காலம் மோசம்னா அங்க மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மோசம். அதோட அங்க விடியக்காலம் குளிரு, குளிர்க் காத்தும் ஆஸ்துமாவுக்கு ஆகாது. அத்தை வீட்டுல விறகடுப்பு வேற. ராத்திரி நேரத்துல மூச்சு முட்டுனா, அப்பத்தா பழைய சீட்டு மருந்து எல்லாம் தேனிப் பக்கம், மலை இறங்கி வரணும், இறங்குற ரோட்டுலயே ரெண்டு பக்கமும் தீ இருந்தா வண்டிய நிறுத்தி வச்சிருப்பாங்க. அத்தைக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு தெரியும், ஆனா புகைக்காக மலைமேல கொண்டு போறது இனி இல்லன்னு நான் கறாரா சொல்லிட்டேன். வைகாசியில தீ எல்லாம் அணைஞ்சதும் அப்பத்தா ஒரு மாசம் போய் இருந்துட்டு வரட்டும், அது வேற.

மூணாவது மதுரை, சித்தப்பா வீடு. மூணாவது மாடி ஃப்ளாட்டு, கான்கிரீட், ஜன்னல் நல்லா மூடும். மதுரைக் காத்து சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன், வண்டிப் புகை, ரோட்டுத் தூசி எல்லாம் உண்டு, ஆனா மலையடிவாரத்துல பள்ளத்துல புகை தேங்கி நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பத்தா மதுரையில இருந்த ஒம்போது நாள்ல மூச்சு முட்டுறப்போ எடுக்கிற நீலக்கலர் இன்ஹேலர ஒருதடவதான் எடுத்துச்சு, அதுவும் படியேறுன அன்னைக்கு. போறது முன்ன மாதிரி கஷ்டமும் இல்ல. 2010 கடைசியில நிறுத்துன ரயில் 2023 ஜூன்லதான் திரும்பப் போடி வரைக்கும் வந்துச்சு, பஸ்ஸுல குலுங்குறத விட வயசானவங்களுக்கு அது எவ்வளவோ மேல், பாத்ரூம் இருக்கு, நீட்டிப் படுக்கலாம். குறை என்னன்னா அப்பத்தாவுக்கு அங்க பேச ஆள் இல்ல. சித்தப்பாவும் சித்தியும் வேலைக்குப் போயிருவாங்க, திண்ணை இல்ல, தெரு தெரியாது, டிவிய எத்தனை நேரம் பாக்கும். அஞ்சாவது நாள்லேர்ந்து ‘என்னைய கொண்டு போய் விட்டுரு’ன்னு ஆரம்பிச்சுருச்சு, சாப்பாடு கொறைஞ்சு போச்சு. அதையும் நான் கணக்குல எடுத்தேன், மூச்சு நல்லா இருந்து மனசு வாடுனா அதுவும் உடம்புதான். அதனால சீசன் முழுக்க மதுரைங்கிறது எங்களுக்கு சரிப்படல. தீ நாள்கணக்கா அணையாம கிடக்கிறப்போ மட்டும் மதுரை. 2023 ஏப்ரல்ல கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரை மலையில தீப்புடிச்சு, சூலூர்லேர்ந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மலம்புழா அணையில தண்ணி மொண்டு ஊத்துனாங்களே, அந்த மாதிரி நீளுற தீக்கெல்லாம் வீட்டுல ஒரு ரூம மூடிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது.

எப்ப கிளம்புறதுன்னு முடிவு பண்ண ஏக்யூஐ, அதாவது காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற நம்பர், பாக்குறவங்க ஒண்ண கவனிங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சமீர் ஆப்ல காட்டுற நம்பர் 24 மணி நேர சராசரிய வச்சுப் போடுறது. விடியக்காலம் நாலு மணி நேரம் மூச்சு முட்டுற புகை வந்து மத்தியானம் தெளிஞ்சுட்டா, சராசரியில அது அமுங்கிப் போய் பரவாயில்லங்கிற மாதிரி தெரியும். வேற சில ஆப்ல நம்ம ஊர் பேர் போட்டு நம்பர் வரும், அது பல நேரம் பக்கத்துல மெஷின் வச்சு அளந்தது இல்ல, சாட்டிலைட்டையும் கம்ப்யூட்டர் கணக்கையும் வச்சுப் போடுறது. நான் பாக்குறது ரெண்டு. ஒண்ணு நாசாவோட ஃபர்ம்ஸ் மேப், அதுல தீ இருக்க இடம் சிவப்புப் புள்ளியா தெரியும், ஒரு புள்ளி ஏறக்குறைய 375 மீட்டர் சதுரம், சாட்டிலைட் மத்தியானமும் நடுராத்திரி தாண்டியும் ஒன்றரை மணி சுமாருக்கு மேல போகும், அதுக்கு நடுவுல புடிச்ச சின்னத் தீ தெரியாமப் போகலாம். இந்திய வன ஆய்வு நிறுவனமும் இதே சாட்டிலைட் தகவல எடுத்து எஸ்எம்எஸ் அனுப்புறாங்க, பதிவு பண்ணி வச்சுக்கலாம். ரெண்டாவது எங்க மொட்டை மாடி. காலையில ஆறரைக்கு நின்னு பாத்தா தூரத்து மலைமுகடு தெரியலன்னா அன்னைக்கு ஜன்னல் திறக்கிறது மத்தியானத்துக்கு மேல, பக்கத்துல இருக்க பரமசிவன் கோயில் மலையே மங்கலா இருந்து கூடவே புகை வாசமும் அடிச்சா அப்பத்தா ரூம விட்டு வெளிய வரக்கூடாது. அதே மாதிரி மூணு காலை தொடர்ந்து இருந்தா மதுரைக்கு டிக்கெட். கிளம்புறது மத்தியானம், மாஸ்க்கோட.

ஆக எங்க முடிவு, சாதாரண புகை நாளுக்குப் பின்பக்க கான்கிரீட் ரூமும் ப்யூரிஃபையரும், நீண்டு போனா மதுரை, குமுளி கிடையாது. ஏப்ரல் கடைசியில மூடுன ரூம்ல வெக்கை தாங்காது, அப்ப ஏசி இல்லாத வீட்டுல பெரியவங்கள அடைச்சு வைக்கிறதும் ஆபத்துதான், அந்த மாதிரி நாள்ல மூணு காலைக்குக் காத்திருக்காம ரெண்டாவது நாளே கிளப்பிருவேன். முழுக்க ஓட்டு வீடா இருக்கவங்களுக்கு நான் சொல்றது, அதே தெருவுல கான்கிரீட் வீடு இருக்க சொந்தக்காரங்ககிட்ட இப்பவே பேசி வச்சுக்கோங்க, ராத்திரி பத்துலேர்ந்து காலை ஒம்போது வரைக்கும் படுக்க ஒரு ரூம் போதும், மதுரை வரைக்கும் போகணும்னு இல்ல. ஜன்னல் டேப்பும் டேபிள் ஃபேன் ஃபில்டரும் அந்த ரூமுக்கு வாங்கிக் குடுங்க, ஃபேன படுக்கிறதுக்கு முன்னாடி ஓட்டிட்டு நிறுத்திருங்க. டாக்டர்கிட்ட சீசனுக்கு முன்னாடியே போய், தினமும் எடுக்கிற இன்ஹேலர் எது, முட்டுறப்போ எடுக்கிறது எது, விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் பாக்குற ஆக்ஸிமீட்டர்ல எந்த நம்பருக்குக் கீழ போனா உடனே வரணும்னு எழுதி வாங்கிருங்க. ஒரு முழு வாக்கியம் பேச முடியல, உதடு நீலம் பாயுதுன்னா நம்பர் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, 108தான்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது மதினி விஷயம். ஏலத்தோட்ட வேலைக்கு விடியக்காலம் ஜீப்புல போடிமெட்டு ஏறுது, புகை உச்சத்துல இருக்க நேரத்துல, சைடு திறந்த ஜீப்புல பத்துப் பன்னெண்டு பேரு நெருக்கி உக்காந்து, முகத்துல துண்ட சுத்திக்கிட்டு. மலைமேல சாயங்காலம் வரைக்கும் வேலை, அங்க புகை ஏறுற நேரம் அது. அதுக்கு ரூமும் கிடையாது, மதுரையும் கிடையாது, ஒருநாள் போகலன்னா கூலி இல்ல. நாலு என்95 வாங்கிக் குடுத்தேன், ஒண்ணத்தான் போட்டுச்சு, மிச்சத்த ஜீப்புல கூட வர்ற பொம்பளைங்களுக்குக் குடுத்துருச்சு. இந்த மாசி பொறக்கும்போது ஜீப்புல வர்ற பன்னெண்டு பேருக்கும் சேத்து ஒரு பெட்டி வாங்கி டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்து வைக்கலாம்னு இருக்கேன், தீ தெரியிற நாள்ல ஏறும்போதே ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கட்டும். கிளம்புறத ஒரு மணி நேரம் தள்ளிப் போட முடியுமான்னு தோட்டத்துல கேட்டுப் பாக்கச் சொல்லியிருக்கேன்.